ஓடாத காரு வூடு

சேசு மரி சூசை மூவரும் சாட்சி

பாப்பாரப்பட்டி
10.2.1986

பெங்களூரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் சவரிராயனுக்கு லூர்தம்மாள் எழுதுவது.

உன் சுகத்தை விசாரிக்க இதை எழுதவில்லை. அந்த முறை நமக்குள் அறுந்துபோய் வெகுகாலம் ஆகிறது. ஒரு சாமான் விசயமாக எழுதுகிறேன்.

என் மகன் மரியதாஸ் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு மாமன் சீர் என்று நீ கப்பலில் வேலையாக இருந்தபோது ஒரு சிவப்புக் கார் வாங்கி அனுப்பினாயே, ஞாபகம் இருக்கிறதா? கையில் ஒரு பெட்டி, பெட்டியில் ஒரு பொத்தான், அமுக்கினால் கம்பி இல்லாமலே கார் ஓடும் என்று பெருமையாக எழுதியிருந்தாய். நாங்களும் நம்பி, அதைத் தாம்பாளத்தில் வைத்துப் பூச்சரம் சுற்றி, பேண்டு வாத்தியத்தோடு கோவில் வாசலுக்குக் கொண்டுவந்து இறக்கினோம். நம் அப்பா பொத்தானை அமுக்கினார். ஓடவில்லை. பெட்டியைத் தட்டி அமுக்கினார். ஓடவில்லை. ஊரே வட்டம் கட்டி நிற்கிறது. என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி மிக்கேலம்மாள் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இது காரு இல்லடி லூர்து. செவப்புப் பெருச்சாளி. அதுவும் செத்தது."

சாமியார்கூடச் சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஓடாத காரு வூடு என்று பெயர். தபால்காரன் வரைக்கும் அப்படித்தான் சொல்கிறான். நீ கப்பலில் ஊர் ஊராகச் சுற்றினாய். அந்தப் பெயரோடு இங்கே குடித்தனம் செய்தவள் நான்.

இப்போது மே மாதம் மிக்கேலம்மாள் பேரனுக்குப் புதுநன்மை. மருமகளின் அண்ணன் சேலத்திலிருந்து சீர் கொண்டு வருகிறானாம். சைக்கிளாம், கைக்கடிகாரமாம், பட்டு வேட்டியாம். இப்போதே தெருத்தெருவாகச் சொல்லித் திரிகிறாள். அவள் வீட்டுச் சீர்வரிசை தெருவில் வரும்போது அதற்கு முன்னால் என் கார் ஓட வேண்டும். அவள் செத்தது என்று சொன்ன பெருச்சாளி எழுந்து வந்து அவள் காலைச் சுற்ற வேண்டும். அப்போது அவள் மூஞ்சி எப்படிப் போகிறது என்று நான் நின்று பார்க்க வேண்டும்.

ஓட்டைச் சாமானை அனுப்பியவன் நீ. ஓடவைக்க வேண்டியவனும் நீதான். தக்காளி லாரி ஓட்டும் தர்மனிடம் கூடையில் வைத்துக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். மேலே தக்காளி, அடியில் கார். தக்காளியை நீயே வைத்துக்கொள்.

லூர்தம்மாள்


சிவாஜி நகர், பெங்களூர்
23.2.1986

மரியாதைக்குரிய லூர்தம்மாள் அவர்களுக்கு, ரேடியோ கடைக்காரன் எழுதிக்கொள்வது.

தக்காளி வந்தது. பாதி நசுங்கி காரின் மேல் வழிந்திருந்தது. என் மனைவி முதலில் காரைக் கழுவிவிட்டு அப்புறம்தான் உங்கள் கடிதத்தைப் படித்தாள். படித்துவிட்டு, "ஒங்க அக்கா ஒங்களுக்கு எழுதுனாங்களா, கோர்ட்டுக்கு எழுதுனாங்களா?" என்று கேட்டாள்.

நான் ஓட்டைச் சாமான் அனுப்பவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். மூன்று வருசத்துக்கு முன் மரியதாஸ் கல்யாணத்துக்கு யாரும் கூப்பிடாமலே வந்தேன். தாய்மாமன் போடவேண்டிய மாலையை நானே வாங்கிக்கொண்டு கோவில் படியில் நின்றேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பார்த்துக்கொண்டே சித்தப்பா மகன் இன்னாசிராஜைக் கூப்பிட்டு என் இடத்தில் நிறுத்தினீர்கள். "பையனின் தாயாருக்குக் கூடப்பிறந்தவர் இல்லாததால் மாமன் முறையை இன்னாசிராஜ் செய்கிறார்" என்று மைக்கில் சொல்லவும் வைத்தீர்கள். நான் மாலையோடு பஸ் ஏறினேன். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆடு அதைத் தின்றது. நான் விரட்டவில்லை.

காரைப் பார்த்தேன். தகரம் துருப்பிடித்திருக்கிறது. டயர் நான்கும் கருவாடாகக் காய்ந்து வெடித்துவிட்டன. உள்ளே இன்னும் திறக்கவில்லை. மனசு வைத்தால் ஓடவைக்கலாம். ஆனால் எனக்கு ஒரு கூலி உண்டு. உங்கள் மகள் காணிக்கைமேரிக்குக் கல்யாணம் ஆகும்போது மாமன் மாலையை நான்தான் போடுவேன். அதற்குச் சம்மதம் என்று உங்கள் கையால் எழுதுங்கள். அப்போதுதான் ஸ்குரூ டிரைவரை எடுப்பேன்.

இன்னொன்று. இது தவக்காலம். பழி வாங்க ஆள் பிடிக்கிற காலம் இல்லை.

சவரிராயன்


பாப்பாரப்பட்டி
9.3.1986

சவரிராயனுக்கு,

தவக்காலத்தில் கறி ஆகாது. கறியை விட்டிருக்கிறேன். வேறு எதையும் விடச் சொல்லி எனக்கு யாரும் சொல்லவில்லை.

மாலைப் பேச்சை எடுக்காதே. உன் காரால் என் மகளுக்கு மாப்பிள்ளையே அமையவில்லை, அது தெரியுமா உனக்கு? போன தை மாதம் மொரப்பூர் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நல்ல குடும்பம், மூன்று ஏக்கர் கிணற்றுப் பாசனம். பஸ் நிறுத்தத்தில் இறங்கி லூர்தம்மாள் வீடு எது என்று கேட்டிருக்கிறார்கள். அங்கே இருந்தவன், "ஓ, ஓடாத காரு வூடுங்களா, நேராப் போங்க" என்று கை காட்டியிருக்கிறான். வந்து உட்கார்ந்தார்கள், காப்பி குடித்தார்கள். அப்புறம் மாப்பிள்ளையின் அம்மா மெதுவாக என் காதருகே வந்து, "பொண்ணு நல்லாத்தான நடக்குது? காலு கீலு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள். காணிக்கைமேரி வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்து காட்டினாள். அப்படியும் அவர்கள் திரும்ப வரவில்லை. அன்றைக்கு அவள் சமையல்கட்டில் உட்கார்ந்து அழுதபோது உன்னை நான் எத்தனை வார்த்தை திட்டினேன் என்று சாமிக்குத்தான் தெரியும்.

இந்தப் பெயர் போக வேண்டும். அதற்கு கார் எல்லார் கண் முன்னாலும் ஓட வேண்டும், முக்கியமாக மிக்கேலம்மாள் கண் முன்னால். கார் முதலில் ஓடட்டும். மாலை யார் கையில் என்பதை அப்புறம் பார்க்கலாம். அதற்குமேல் என் கை எழுதாது.

லூர்தம்மாள்


சிவாஜி நகர்
25.3.1986

லூர்தம்மாள் அவர்களுக்கு,

அப்புறம் பார்க்கலாம் என்றதைப் பாதி சம்மதமாக எடுத்துக்கொண்டு காரைத் திறந்தேன். காணிக்கைமேரி நடந்து காட்டியதைப் படித்த பிறகு திறக்காமல் இருக்க முடியவில்லை.

செய்தவன் கெட்டிக்காரன். அடித்தகட்டில் ஆணியே இல்லை. சின்னச் சின்னத் தகர நாக்குகளை மடித்துப் பூட்டியிருக்கிறான். அவசரப்பட்டால் ஒடிந்துவிடும் என்பதால் ஒன்றொன்றாக நிமிர்த்தினேன். மோட்டார் சுருள் அறுந்திருந்தது. புதுச் செம்புக் கம்பி சுற்றினேன். டயர்களைத் தடித்த ரப்பரில் வெட்டி ஒட்டினேன். எஸ்.பி. ரோட்டில் பழைய சாமான் கடைகளில் அலைந்து அதே மாதிரி டிரான்சிஸ்டர் ஒன்று தேடிப் பிடித்தேன். துருவைத் தேய்த்து எடுத்துவிட்டுச் சிவப்புப் பெயிண்ட் அடித்தால் வேறு சிவப்பாகத் தெரிந்தது. மறுபடி சுரண்டி, கொஞ்சம் ஆரஞ்சு கலந்து அடித்தேன். இப்போது பழைய சிவப்பு வந்துவிட்டது.

இனிமேல்தான் விசயம். காருக்குள்ளே, மேல் பக்கத்தில், அலையை வாங்குகிற ரேடியோத் தட்டு இருக்கிறது. அது முழுக்கப் பச்சைக் களிம்பு. களிம்பின் மேல் வெள்ளையாகப் பொரிபொரியாக ஏதோ ஒட்டியிருந்தது. பேட்டரி கசிந்திருந்தால் அடியில் இருக்கும், மேலே வராது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

கடல் காற்று என்று சொல்லிவிடாதீர்கள். கடையில் ஓட்டிப் பார்த்து, உறையோடு வாங்கி, உறையோடுதான் அனுப்பினேன். நான் அனுப்பிய கார் ஓடுகிற கார். ஊரில் வைத்துத்தான் அதன் தலையில் யாரோ உப்புத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். அது யார்?

சவரிராயன்


பாப்பாரப்பட்டி
6.4.1986

சவரிராயனுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் என் ரத்தம் கொதித்துவிட்டது. ஈஸ்டர் முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். திங்கட்கிழமை காலையில் நேராக மிக்கேலம்மாள் வாசலுக்குப் போனேன். அவள் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க பெரியவுங்களே, எம் மவன் சீருல உப்புத் தண்ணி ஊத்துனது நீங்கதான?" என்று கேட்டேன். தெருவே கேட்கட்டும் என்று சத்தமாகத்தான் கேட்டேன்.

அவள் முறத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை. "நான் எதுக்குடி ஊத்தறேன்? ஊத்துனது சாமியாரு. ஊத்தச் சொன்னது நீயி. அவரு பாட்டுக்கு ரெண்டு சொட்டுத் தீர்த்தம் தெளிச்சிட்டு நவுந்தாரு. நீதான் ஓடிப் போயி அவரு அங்கியப் புடிச்சு இழுத்து, வெளிநாட்டுச் சாமானுங்க சாமி, ஊரு கண்ணு பொல்லாதது, நல்லா நனையற மாதிரி ஊத்துங்கன்ன. அவரும் சொம்போட கவுத்துட்டாரு. தீர்த்தத்துல உப்பு மந்திரிச்சுப் போடுவாங்கன்னு ஒனக்குத் தெரியாது? அதெல்லாம் ஆறாவதுல சொல்லிக் குடுப்பாங்க. நீதான் அஞ்சாவதோட நின்னுட்டியே."

எதிர்வீட்டு ராமக்காள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஆமாங்க லூர்தம்மா, அன்னிக்கு நானும் பாத்தேன். காரு தொப்பலா நனஞ்சு கெடந்துச்சு" என்று அவளும் ஒத்து ஊதினாள்.

எல்லாம் பொய். யோசித்துப் பார். தீர்த்தம் பட்டு நோய் தீர்ந்திருக்கிறது, பேய் ஓடியிருக்கிறது, பால் சுரக்காத மாடு சுரந்திருக்கிறது. தீர்த்தம் பட்டுக் கெட்டுப்போன சாமான் இந்த உலகத்தில் உண்டா? சாமியார் ஊற்றியது தீர்த்தம், அதனால் கெடாது. ஆகவே அவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் இவள் உப்புத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். இதற்குமேல் எனக்குச் சாட்சி வேண்டாம். இந்தப் பழியையும் சேர்த்துத்தான் மே மாதம் தீர்க்கப் போகிறேன்.

அரூரிலிருந்து காணிக்கைமேரியைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பள்ளிக்கூட வாத்தியார். இந்தத் தடவை மரியதாசை பஸ் நிறுத்தத்துக்கே அனுப்பி, வழியில் யாரிடமும் பேசவிடாமல் கூட்டிவந்தேன். அமைந்துவிடும் போலத் தெரிகிறது. மாமன் மாலை விசயம் கேட்டாய். இன்னாசிராஜிடம் போன வாரமே சொல்லியாகிவிட்டது. சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கம் எனக்கு இல்லை.

லூர்தம்மாள்


சிவாஜி நகர்
17.4.1986

லூர்தம்மாள் அவர்களுக்கு,

மிக்கேலம்மாள் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் எனக்கு எழுதி அனுப்பியதற்கு நன்றி. அதை நாலைந்து தடவை படித்தேன். என் மனைவியும் படித்தாள். படித்துவிட்டு எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

கார் ஓடுகிறது. கடைசியாகக் காரின் ரேடியோவையும் கைப்பெட்டியின் ரேடியோவையும் ஒரே அலைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. இரும்பு பட்டால் அலை விலகிவிடும். மூங்கிலைச் சீவி, அதன் முனையால் மயிரிழை மயிரிழையாகத் திருகினேன். கடைக்குள்ளிருந்து அமுக்கினால் இப்போது தெருக்கோடியில் திரும்புகிறது.

இதற்கு ஒரே பொத்தான்தான். ஒரு அமுக்கலுக்கு நேராகப் போகும். அடுத்த அமுக்கலுக்கு இடது பக்கம். அப்புறம் மறுபடி நேர். அப்புறம் வலது. எந்த அமுக்கலில் இருக்கிறோம் என்று கணக்கு தவறாத கை வேண்டும். அதனால் பெட்டியைத் தர்மனிடம் கொடுத்தனுப்ப மாட்டேன். நானே வருகிறேன்.

பழி வாங்க வேண்டும் என்றுதானே கேட்டீர்கள். வாங்கலாம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு எல்லாருக்கும் தெரிகிற மாதிரி முன்னால் நில்லுங்கள். தீர்த்தம் மட்டும் வேண்டாம்.

சவரிராயன்


பாப்பாரப்பட்டி
20.5.1986

டேய் சவரிராயா,

உனக்கு எழுதக் கூடாது என்று இரண்டு நாளாகப் பேனாவைத் தொடவில்லை. இன்று எழுதாவிட்டால் என் நெஞ்சு வெடித்துவிடும்.

ஊரையே சேர்த்து வைத்திருந்தேனே. "எந் தம்பி வர்றான், காரு ஓடப் போவுது, வந்து பாருங்க" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேனே. தம்பி என்ற வார்த்தையை எத்தனை வருசம் கழித்து என் வாயில் எடுத்தேன் தெரியுமா? அரூர்க்காரர்களைக்கூட வரவழைத்து முன்னால் நிறுத்தினேனே.

நீ கோவில் வாசலில் நின்று பெட்டியின் கம்பியை இழுத்தாய். சேலத்துச் சீர்வரிசை சைக்கிளோடு அப்படியே நின்றுவிட்டது. பேண்டுக்காரன் ஊதுவதை நிறுத்திவிட்டான். கார் கிளம்பியது. அட, என்ன அழகு! சிவப்பாக, வெயிலில் மின்னிக்கொண்டு, யாரும் தொடாமல் தெரு நடுவில் வந்தது. மிக்கேலம்மாள் மூஞ்சியைப் பார்த்தேன். பேயறைந்த மாதிரி நின்றாள். அந்த ஒரு நிமிசம் எனக்குப் போதும், அப்போதே செத்திருந்தாலும் சந்தோசமாகச் செத்திருப்பேன். கார் என்னை நோக்கி வந்தது. நான் குனிந்து இரண்டு கையையும் நீட்டினேன்.

நீ அமுக்கினாய்.

என் கைக்கு முன்னால் வந்த கார் இடது பக்கம் திரும்பியது. நேராக அவள் பேரன் காலடியில் போய் நின்றது. நான் குனிந்தபடியே இருக்கிறேன். எந்திரம் தவறிவிட்டது, மறுபடி என்னிடம் திருப்புவான் என்று நினைத்தேன். நீ நடந்து போய் அதைக் கையால் எடுத்து, அவர்கள் சீர்த் தாம்பாளத்தில் வைத்து, அவளைப் பார்த்து, "பேரனுக்கு வச்சுக்குங்கக்கா" என்றாய்.

அக்கா! அவளை! என் முன்னால்! ஊர் கை தட்டியது. அவள் உன் தலையைத் தொட்டு நெட்டி முறித்தாள். "என்னம்மா, ஒந் தம்பி காரு ஓடுச்சு, ஆனா வூடு மாறிப் போச்சே" என்று ராமக்காள் என்னிடம் கேட்டாள். நான் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

நேற்றுப் பால்காரன் சொல்கிறான், இப்போது எங்களுக்குத் திரும்பிப் போன காரு வூடு என்று பெயராம்.

அது என் வீட்டுச் சீர். எனக்கு வந்த சீரை என் ஜென்ம விரோதிக்குத் தூக்கிக் கொடுக்க உனக்கு என்ன பாத்தியதை?

லூர்தம்மாள்


சிவாஜி நகர்
1.6.1986

லூர்தம்மாள் அவர்களுக்கு,

பாத்தியதையைக் கேட்டீர்கள், சொல்கிறேன்.

மாமன் சீர் என்பது கூடப்பிறந்தவன் கொடுப்பது. உங்களுக்குக் கூடப்பிறந்தவன் இல்லை என்று மைக் வைத்து ஊருக்குச் சொன்னவர் நீங்கள். இல்லாத தம்பி கொடுத்த சீர் எப்படி உங்கள் வீட்டில் இருக்க முடியும்? அது ரேடியோ கடைக்காரன் சவரிராயனின் கார். அவன் யாருக்கு வேண்டுமானாலும் கொடுப்பான்.

நீங்கள் இழுத்துப் பிடித்து ஊற்றவைத்த தண்ணீரால் கார் நின்றது. அதற்காக இத்தனை வருசம் என் முகத்தில் கதவைச் சாத்தினீர்கள். அப்பா செத்தபோது நான் ஒரு மூலையில் அன்னியன் மாதிரி நின்றுவிட்டு வந்தேன். உண்மை தெரிந்த பிறகாவது ஒரு வரி எழுதுவீர்கள் என்று பார்த்தேன். மாலை இன்னாசிராஜுக்கு என்றுதான் எழுதினீர்கள். அந்த வரியைப் படித்தபோதுதான் எந்த அமுக்கலில் காரைத் திருப்ப வேண்டும் என்று முடிவு செய்தேன். கடைக்கு முன்னால் ஒரு வாரம் பழகினேன்.

மிக்கேலம்மாள் உங்களுக்கு அக்கா முறை என்றால் எனக்கும் அக்கா முறைதான். முறை தவறி நான் கூப்பிடவில்லை. அன்று அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டேன். கேட்டுக் கேட்டுக் கறி போட்டார்கள். "காணிக்கைமேரி கல்யாணத்துக்கு எந் தம்பியாட்டம் வந்து எங்கூட்டு ஆளுங்களோட நில்லு சவரி. அவ கூப்புடலைன்னா என்ன, நான் கூப்புடறேன்" என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். என் மருமகள் கல்யாணத்தை அவர்கள் பக்கம் நின்று பார்ப்பேன்.

நீங்கள் என்னை வெட்டிவிட்டபோது எப்படி இருந்தது என்று இப்போது உங்களுக்கும் கொஞ்சம் தெரிந்திருக்கும்.

சவரிராயன்


பாப்பாரப்பட்டி
17.8.1986

தம்பி சவரிராயனுக்கு,

தம்பி என்று ஆசையாக எழுதவில்லை. அச்சிலேயே அப்படி வந்துவிட்டது, அதனால் நானும் எழுதுகிறேன். இதோடு வைத்திருக்கும் கல்யாண அழைப்பிதழைப் பார். அரூர் வாத்தியார்தான் மாப்பிள்ளை. அவர்கள் அன்று காரைப் பார்த்து மயங்கிவிட்டார்கள். பொண்ணோட மாமன் பெரிய இஞ்சினியருங்களா என்று கேட்டார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை.

கீழே தாய்மாமன் என்ற இடத்தில் உன் பெயர் இருக்கிறது. எழுத்தைப் பெரிதாகப் போடச் சொன்னேன். "மணமக்கள் பேரைவிடப் பெருசாப் போவுதுங்களே" என்றான் தருமபுரி அச்சாபீஸ்காரன். போகட்டும் என்றேன். அழைப்பிதழை ஊர் முழுக்கக் கொடுத்தாகிவிட்டது. முதல் அழைப்பிதழை மிக்கேலம்மாள் கையில் நானே கொடுத்து, படிக்கச் சொல்லி, அவள் படித்து முடிக்கும் வரை நகராமல் நின்றேன். "இவன் எங்கூட நிக்கறேன்னானே" என்றாள். "நீங்க ஒங்க பொறந்தவனப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்னாசிராஜிடம் மாலை அவனுக்கு இல்லை என்றேன். புது வேட்டி எடுத்துவிட்டேனே என்றான். கட்டிக்கொண்டு வந்து பந்தி விசாரி என்றேன்.

நீ வராவிட்டால் பெயரைப் போட்டும் வராத மாமன் என்று ஊர் உன்னைத்தான் பேசும். நீ வந்து அவள் பக்கம் நின்றால் மாலை போட ஆள் இல்லாமல் பூசை நிற்கும். எல்லார் முன்னாலும் நிற்கட்டும். நான் இன்னொருவனைக் கூப்பிட மாட்டேன். என்னை அவமானப்படுத்த உனக்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. உன் மருமகளும் முக்காடு போட்டுக்கொண்டு படியில் காத்திருப்பாள். பொத்தானை இப்போது உன் கையில் கொடுத்திருக்கிறேன். எந்தப் பக்கம் அமுக்குகிறாய் என்று பார்க்கிறேன்.

தீர்த்த விசயத்தில் நான் சொன்னதில் மாற்றம் இல்லை. அவள்தான் ஊற்றினாள்.

அந்தக் காரை அவள் பேரன் சாயங்காலமானால் என் வாசலில் ஓட்டுகிறான். நான் பார்ப்பதில்லை. நன்றாகத் திரும்புகிறது.

கல்யாணத்தன்று நான் உன்னோடு பேச மாட்டேன். அதை எதிர்பார்த்து வராதே. மாலையை நீட்டுவேன், வாங்கிக்கொள். மிக்கேலம்மாளுக்கு முதல் வரிசையில், நம் பக்கத்தில், நாற்காலி போட்டு உட்காரவைக்கப் போகிறேன். வயசாகி அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். நீ மாலையை வாங்கும்போது என்னை அக்கா என்று கூப்பிடுவாய் அல்லவா, அதைச் சத்தமாகக் கூப்பிடு.

லூர்து